பரம்பரை பிரஷரும் உப்பும் சந்திக்கும் இடம்

"அப்பாவுக்கு பிரஷர், தாத்தாவுக்கும் பிரஷர், எனக்கு மட்டும் வராமல் இருக்குமா, உப்பைக் குறைத்து என்ன ஆகிவிடப் போகிறது?" இப்படிச் சொல்பவர்களை நம் எல்லோருக்கும் தெரியும். இதற்கு நேர் எதிரான பேச்சும் உண்டு. "அவர் வாழ்நாள் முழுக்க உப்பை அள்ளிப் போட்டுத்தான் சாப்பிட்டார், எண்பது வயதிலும் பிபி நார்மல், உப்புக்கும் பிரஷருக்கும் சம்பந்தமே இல்லை." இரண்டு தரப்பும் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். பார்த்தது சரிதான், அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தப்பு. ரத்த அழுத்தத்தில் மரபணு பாதி, உப்பு பாதி என்று பங்கு பிரிக்கவே முடியாது. ஏனென்றால் அழுத்தத்தை ஏற்றும் மரபணு மாற்றங்களில் மருத்துவ உலகம் அக்குவேறு ஆணிவேறாகப் புரிந்துகொண்டவை கிட்டத்தட்ட எல்லாமே ஒரே ஒரு விஷயத்தில் கைவைப்பவை: சிறுநீரகம் எவ்வளவு உப்பை வெளியே விடுகிறது, எவ்வளவு உள்ளே பிடித்து வைக்கிறது என்பது. அப்படியானால் "இது எங்கள் பரம்பரை" என்று சொல்பவருக்குத்தான் உப்பு மற்றவர்களைவிட அதிகமாகக் கணக்கில் வரக்கூடும். இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்ல வருவது இதைத்தான்.

முதலில் அந்தச் சதவீதக் கணக்கைப் பார்த்துவிடலாம், அதில்தான் குழப்பம் தொடங்குகிறது. குடும்பங்களையும் இரட்டையர்களையும் வைத்துச் செய்த ஆய்வுகள், ஆளுக்கு ஆள் ரத்த அழுத்தம் வேறுபடுவதில் சுமார் 30 முதல் 50 சதவீதம் வரை மரபு வழியாக வருவதாகக் காட்டுகின்றன. உங்கள் பிரஷரில் பாதி பிறப்பிலேயே எழுதப்பட்டுவிட்டது, மீதிப் பாதியைத்தான் மாற்ற முடியும் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. ஒரு சமூகத்தில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே அளவு உப்பைச் சாப்பிட்டால், ஒருவருக்கும் இன்னொருவருக்கும் உள்ள வித்தியாசத்துக்கு உப்பு காரணமாகத் தெரியவே தெரியாது. எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் ஒன்று எப்படி வித்தியாசத்தை உண்டாக்கும்? அங்கே மரபணு மட்டும்தான் பெரிதாகத் தெரியும். உப்பே இல்லாத ஒரு சமூகத்தோடு ஒப்பிட்டால்தான் உப்பு என்ன செய்கிறது என்பது வெளிப்படும்.

அப்படி ஒப்பிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 1988-இல் வெளியான இண்டர்சால்ட் ஆய்வில் 32 நாடுகளில் 52 இடங்களிலிருந்து பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஒரு நாள் சிறுநீரைச் சேகரித்து, அதில் வெளியேறிய சோடியத்தை அளந்து, ரத்த அழுத்தத்தோடு சேர்த்துப் பார்த்தார்கள். அமேசான் காட்டில் வாழும் யனோமாமி மக்களும் அதில் இருந்தார்கள். அவர்கள் சமையலில் உப்பே கிடையாது, சிறுநீரில் சோடியம் இருந்ததே பெயரளவுக்குத்தான். சராசரி அழுத்தம் சுமார் 95/61. நம்மில் பலருக்கு அந்த எண் வந்தால் மயக்கம் வருகிறதா என்று கேட்பார்கள், அவர்களுக்கு அதுதான் இயல்பு. அதைவிட முக்கியமான விஷயம், வயது ஏற ஏற அவர்களுக்கு அழுத்தம் ஏறவில்லை. வயதானால் பிரஷர் வரத்தான் செய்யும் என்பதை இயற்கையின் சட்டம் போல நாம் ஏற்றுக்கொண்டிருக்கிறோம், ஆனால் உப்பு அறவே குறைந்த சமூகங்களில் அந்தச் சட்டம் செல்லுபடியாகவில்லை.

சரி, அவர்களுக்கு நல்ல மரபணு வாய்த்திருக்கலாம், ஒல்லியான உடம்பு, ஓயாத உழைப்பு, மதுவும் இல்லை, உப்பை மட்டும் எப்படிக் காரணம் சொல்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு ஓரளவு பதில் சொல்வது கென்யாவின் லூவோ மக்களைப் பற்றிய ஆய்வு. கிராமத்திலிருந்து நைரோபி நகரத்துக்குக் குடிபெயர்ந்தவர்களையும், அதே கிராமங்களில் தங்கிவிட்டவர்களையும் தொடர்ந்து கவனித்தார்கள். 1990-இல் அதன் முடிவுகள் வந்தன. நகரத்துக்கு வந்த சில மாதங்களுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்களின் அழுத்தம் கிராமத்தில் இருந்தவர்களைவிட அதிகமாகிவிட்டது, சிறுநீரில் சோடியம் கூடி பொட்டாசியம் குறைந்திருந்தது. இரண்டு பக்கமும் ஒரே இனம், ஒரே மரபணுக் கூட்டம். சில மாதங்களில் மரபணு மாறாது. நகர வாழ்க்கையில் மாறுவது உப்பு மட்டும் இல்லை என்பதும் உண்மைதான், எடை மாறும், மன அழுத்தம் மாறும். ஆனாலும் "பரம்பரை" என்கிற ஒற்றைச் சொல்லால் இதை விளக்கிவிட முடியாது.

மரபணுவும் உப்பும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதை இதுவரை மிகத் தெளிவாகக் காட்டியது மனிதர்களைப் பற்றிய ஆய்வு இல்லை, எலிகளைப் பற்றியது. அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் வேலை பார்த்த லூயிஸ் டால் என்ற மருத்துவர், எலிகளுக்கு உப்பு மிகுந்த தீனியைக் கொடுத்துப் பார்த்தபோது ஒன்றைக் கவனித்தார். எல்லாம் ஒரே வகை எலிகள், ஒரே தீனி, ஒரே கூண்டு, ஆனாலும் சிலவற்றுக்கு அழுத்தம் எகிறியது, சிலவற்றுக்கு ஒன்றுமே ஆகவில்லை. எகிறியவற்றை எகிறியவற்றோடும், அசையாதவற்றை அசையாதவற்றோடும் இனப்பெருக்கம் செய்ய விட்டார். சில தலைமுறைகளிலேயே இரண்டு தனி வம்சங்கள் உருவாகிவிட்டன, ஒன்று உப்புக்கு எதிர்வினை காட்டும் எலிகள், இன்னொன்று எவ்வளவு உப்பு கொடுத்தாலும் தாங்கும் எலிகள். 1962-இல் இதை வெளியிட்டார், இன்றைக்கும் உலகெங்கும் ஆய்வகங்களில் டால் எலிகள் என்ற பெயரிலேயே அவை வளர்க்கப்படுகின்றன.

இந்தச் சோதனையைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பார்க்க வேண்டும். உப்பு மிகுந்த தீனியில் இரண்டு வம்சத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், அதைப் பார்ப்பவர் "இது முழுக்க மரபணு" என்பார், ஏனென்றால் தீனி ஒன்றுதான். உப்பு குறைந்த தீனியில் அந்த வித்தியாசம் சுருங்கிப் போகிறது. உப்புக்கு எதிர்வினை காட்டும் வம்சத்தை மட்டும் தனியாக எடுத்து, பாதிக்கு உப்புத் தீனியும் பாதிக்கு உப்பில்லாத தீனியும் கொடுத்தால், "இது முழுக்க உப்பு" என்று சொல்லத் தோன்றும், ஏனென்றால் வம்சம் ஒன்றுதான். அதே எலிகள், அதே நோய், கேள்வியை எப்படிக் கேட்கிறோமோ அப்படி விடை மாறுகிறது. மரபணு இல்லாமல் உப்பு பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, உப்பு இல்லாமல் மரபணுவும் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.

டால் இன்னொரு படியும் போனார். 1970-களில் அவருடைய குழு இரண்டு வம்சங்களுக்கும் இடையில் சிறுநீரகத்தை மாற்றிப் பொருத்தியது. உப்பைத் தாங்கும் எலியின் உடம்பில், தாங்காத எலியின் சிறுநீரகத்தை வைத்தால் அழுத்தம் ஏறியது. தாங்காத எலிக்கு, தாங்கும் எலியின் சிறுநீரகத்தை வைத்தால் அழுத்தம் இறங்கியது. இதயமும் ரத்தக் குழாயும் மூளையும் அதே உடம்பில் அப்படியே இருக்க, பிரஷர் மட்டும் சிறுநீரகத்தோடு இடம் மாறியது.

ஏன் சிறுநீரகம்? நம் இரண்டு சிறுநீரகங்களும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. அந்தத் திரவத்தில் கரைந்திருக்கும் உப்பை மட்டும் சேர்த்தால் சுமார் ஒன்றரைக் கிலோ வரும். அவ்வளவும் சிறுநீரில் போனால் நாம் ஒரு நாள்கூடப் பிழைக்க முடியாது, அதனால் அதில் 99 சதவீதத்துக்கும் மேல் மறுபடியும் ரத்தத்துக்குள் இழுத்துக்கொள்ளப்படுகிறது, நாம் சாப்பிட்ட அளவுக்குச் சமமான சில கிராம் மட்டுமே வெளியே போகிறது. இந்த மறு உறிஞ்சலில் அரை சதவீதம் பிசகினால்கூட ஒரு நாளில் ஏழெட்டு கிராம் உப்பு கணக்கில் வித்தியாசப்படும். அவ்வளவு நுணுக்கமாக நடக்கும் வேலை இது, அதனால்தான் அங்கே ஒரு புரதம் கொஞ்சம் கூடுதல் சுறுசுறுப்பாக இருந்தாலே போதும், உடம்பு முழுக்க அதன் விளைவு தெரியும். உப்பு தங்கினால் தண்ணீரும் தங்கும், ரத்தத்தின் கன அளவு கூடும், அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் சிறுநீரகம் கூடுதல் உப்பை வெளியேற்றும், கணக்கு மறுபடி சமமாகும். ஆர்தர் கைட்டன் என்ற உடலியல் அறிஞர் இதை வைத்துத்தான் தன் விளக்கத்தைக் கட்டினார்: ஆரோக்கியமான சிறுநீரகம் அழுத்தம் ஏறாமலேயே கூடுதல் உப்பை வெளியேற்றிவிடும், உப்பை இறுக்கிப் பிடிக்கும் சிறுநீரகத்துக்கு அதே அளவு உப்பை வெளியேற்றுவதற்கு உயர்ந்த அழுத்தம் தேவைப்படும். உயர் ரத்த அழுத்தம் என்பது ஒரு விதத்தில் உப்புக் கணக்கை நேர் செய்ய உடம்பு கொடுக்கும் விலை.

கைட்டனின் விளக்கத்தை எல்லோரும் முழுசாக ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உப்பு கூடும்போது எல்லோருக்குமே முதலில் கொஞ்சம் உப்பு தங்கத்தான் செய்கிறது, ஆனால் சிலருடைய ரத்தக் குழாய்கள் உடனே தளர்ந்து இடம் கொடுத்துவிடுகின்றன, சிலருக்குத் தளர்வதில்லை, கோளாறு அங்கேதான் என்று வாதிடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். தோலில் சோடியம் சேமிக்கப்படுவதும் பிற்பாடு தெரியவந்தது. எனக்கு இந்தப் பார்வைகள் ஒன்றையொன்று அழிப்பதாகத் தோன்றவில்லை. குழாயும் சிறுநீரகமும் ஒரே சுற்றோட்டத்தில் இருப்பவை, ஒன்றில் ஏற்படும் மாற்றத்தை இன்னொன்று தாங்கியாக வேண்டும்.

இனி மனிதர்களுக்கு வருவோம். யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த ரிச்சர்ட் லிஃப்டன் 1990-களில் ஓர் எளிய வழியைப் பிடித்தார். லட்சக்கணக்கான சாதாரண பிரஷர்காரர்களிடம் மரபணுவைத் தேடினால் எல்லாம் கலந்து கிடக்கும். அதைவிட, இளம் வயதிலேயே, சில சமயம் குழந்தைப் பருவத்திலேயே, கடுமையான பிரஷர் வரும் அபூர்வக் குடும்பங்களைத் தேடிப் பிடித்து, அங்கே எந்த ஒற்றை மரபணு கெட்டிருக்கிறது என்று பார்ப்பது. லிடில் நோய் அதற்கு நல்ல உதாரணம். கிராண்ட் லிடில் என்ற மருத்துவர் 1963-இல் விவரித்த இந்த நோயில், சிறுநீரகக் குழலின் கடைசிப் பகுதியில் சோடியம் உள்ளே நுழையும் வாயில்கள், வேலை முடிந்ததும் மறைய வேண்டியவை, மறையாமல் அங்கேயே நின்றுவிடுகின்றன. உப்பு உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. கெட்டிருக்கும் மரபணு எது என்பது 1994-இல் தெரிந்தது. லிடில் முதலில் விவரித்த அந்த நோயாளிக்குப் பல ஆண்டுகள் கழித்துச் சிறுநீரகம் செயலிழந்து வேறொருவரின் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. பொருத்தியதும் அவருடைய உப்புக் கோளாறும் சரியானது. டால் எலிகளில் செய்ததை மனித உடம்பிலேயே பார்த்தது போல ஆனது.

லிடில் நோயைப் போலவே வேறு சிலவும் தெரியவந்தன. ஆல்டோஸ்டிரோன் என்ற, உப்பைப் பிடித்து வைக்கச் சொல்லும் ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்க வைக்கும் மரபணு இணைப்பு ஒன்று, கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோனை ஆல்டோஸ்டிரோன் போலவே நடந்துகொள்ள விடும் கோளாறு ஒன்று, டபிள்யூஎன்கே என்ற மரபணுக்கள் கெடுவதால் வரும் கார்டன் நோய் ஒன்று. பெயர்களை நினைவில் வைக்க வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது, இவை வெவ்வேறு மரபணுக்கள், வெவ்வேறு நோய்கள், ஆனாலும் எல்லாம் போய் முடிகிற இடம் ஒன்று, சிறுநீரகம் உப்பைக் கூடுதலாகப் பிடிக்கிறது. மறுபக்கத்திலும் இதே கதைதான். கிட்டல்மேன், பார்ட்டர் என்ற நோய்களில் உப்பைத் திரும்ப இழுக்கும் புரதங்கள் கெட்டுப்போகின்றன, உப்பு சிறுநீரில் ஒழுகுகிறது, அழுத்தம் தாழ்ந்து கிடக்கிறது, இவர்களுக்கு உப்பின் மேல் தீராத ஆசை இருக்கும். 2008-இல் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் என்ற நீண்ட கால இதய நோய் ஆய்வில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தபோது, இந்த நோய்களின் மரபணு மாற்றத்தில் ஒரே ஒரு பிரதியை மட்டும் சுமப்பவர்கள், அதாவது நோய் வராமல் சாதாரணமாக நடமாடுபவர்கள், மற்றவர்களைவிடக் குறைந்த அழுத்தத்தோடு இருந்தார்கள், அவர்களுக்கு உயர் ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு பாதிக்கும் கீழே இருந்தது. எண்பது வயதிலும் பிபி நார்மல் என்று நாம் சுட்டிக்காட்டும் அந்த உப்புப் பிரியரின் சிறுநீரகத்தில் இதுபோல ஏதோ ஒன்று இருக்க வாய்ப்புண்டு. அவருக்குச் சரிப்பட்டது என்பதால் பக்கத்தில் இருப்பவருக்கும் சரிப்படும் என்று அர்த்தம் இல்லை.

மேலே சொன்ன கார்டிசால் கோளாற்றைப் பற்றி ஒரு கூடுதல் தகவல். அதிமதுரத்தில் இருக்கும் ஒரு பொருள், அந்த நோயில் பிறப்பிலேயே கெட்டிருக்கும் அதே நொதியைத் தற்காலிகமாகத் தடுக்கிறது. அதனால் அதிமதுரத்தை நிறைய, நாள்கணக்கில் தொடர்ந்து சாப்பிடுபவர்களுக்கு அந்த மரபணு நோயின் அறிகுறிகள் அப்படியே வருகின்றன: அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். நிறுத்தினால் சில வாரங்களில் சரியாகும். மரபணு செய்வதை ஓர் உணவுப் பொருளால் அச்சு அசலாகச் செய்ய முடியும் என்றால், இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் போட முடியாது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஆனால் இவை அபூர்வ நோய்கள். உலகில் 30 முதல் 79 வயதுக்குள் சுமார் 128 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பதாக உலக சுகாதார அமைப்பு 2021-இல் கணக்குச் சொன்னது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒற்றை மரபணுவைக் குற்றவாளியாக நிறுத்த முடியாது. 2018-இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுத் தகவல்களை ஆராய்ந்து, மரபணுத் தொகுதியில் ரத்த அழுத்தத்தோடு தொடர்புள்ள இடங்கள் மொத்தம் 901 என்று சொன்னார்கள். ஒவ்வோர் இடமும் செய்யும் வேலை மிகச் சிறியது, பெரும்பாலும் ஒரு புள்ளிக்கும் கீழே. எல்லாவற்றையும் சேர்த்தும்கூட, மனிதர்களுக்கிடையே உள்ள வித்தியாசத்தில் 6 சதவீதத்துக்கும் குறைவாகவே அவற்றால் விளக்க முடிந்தது. அதற்காக இது ஒன்றுமில்லை என்று தள்ளிவிடவும் முடியாது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களில், இந்த இடங்களை எல்லாம் கூட்டிப் போடும் மரபணு மதிப்பெண் மிக அதிகமாக உள்ள ஐந்தில் ஒரு பகுதியினருக்கும் மிகக் குறைவாக உள்ள ஐந்தில் ஒரு பகுதியினருக்கும் இடையே மேல் அழுத்தத்தில் சராசரியாகப் பத்துப் புள்ளி வித்தியாசம் இருந்தது. பத்துப் புள்ளி என்பது மாத்திரை தேவையா இல்லையா என்பதையே தீர்மானிக்கிற அளவு. இந்த 901 இடங்களில் எல்லாமே சிறுநீரகத்தைச் சேர்ந்தவை என்றும் சொல்ல முடியாது, ரத்தக் குழாய்ச் சுவர், இதயம், அட்ரினல் சுரப்பி என்று பல பக்கமும் அவை இட்டுச் செல்கின்றன.

அவற்றில் எனக்கு மிகவும் அர்த்தமுள்ளதாகப் படுவது யூரோமாடுலின் என்ற புரதத்தின் மரபணு. நம் சிறுநீரில் இயல்பாகவே மிக அதிகமாக இருக்கும் புரதம் இதுதான், சிறுநீரகம் மட்டுமே இதைத் தயாரிக்கிறது. இந்த மரபணுவின் ஒரு வகை அழுத்தத்தோடு தொடர்புடையது என்று 2010-இல் தெரிந்தது. 2013-இல் காரணமும் தெரிந்தது: அந்த வகை உள்ளவர்களுக்கு இந்தப் புரதம் கூடுதலாக உருவாகிறது, அது சிறுநீரகக் குழலின் நடுப்பகுதியில் உப்பை இழுக்கும் பம்பை முடுக்கிவிடுகிறது. எலிகளில் இந்தப் புரதத்தைக் கூட்டியபோது உப்புக்கு எதிர்வினை காட்டும் பிரஷர் வந்தது. அதே பம்பை அடக்கும் ஃபுரோசமைடு மருந்துக்கு, இந்த வகை மரபணு உள்ள பிரஷர் நோயாளிகள் மற்றவர்களைவிட நன்றாகப் பதிலளித்தார்கள். வியப்பு என்னவென்றால், ஆபத்தான இந்த வகைதான் பெரும்பாலானவர்களிடம் இருக்கும் வகை, மனித இனத்தின் பழைய வகையும் இதுவே. சிறுநீர்ப் பாதைத் தொற்றிலிருந்து பாதுகாப்பதால் அது நிலைத்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். உப்பு கிடைப்பதே அரிதாக இருந்த நீண்ட காலத்தில் உப்பைப் பிடித்து வைக்கும் உடம்புக்கு அதனால் எந்த நஷ்டமும் இருந்திருக்காது. யனோமாமி மக்களின் ரத்தத்தில் ஆல்டோஸ்டிரோனும், அதைச் சுரக்கத் தூண்டும் ரெனினும் உயர்ந்தே இருக்கின்றன, அதாவது கிடைக்கும் கொஞ்சம் உப்பையும் விடாமல் பிடிக்கும் ஏற்பாடு முழு வேகத்தில் ஓடுகிறது, ஆனாலும் அவர்களுக்கு பிரஷர் இல்லை. பிடித்து வைக்க அங்கே உப்பு இல்லை. இன்றைய உலக சராசரியோ ஒரு நாளைக்குச் சுமார் 10.8 கிராம் உப்பு, உலக சுகாதார அமைப்பு சொல்லும் 5 கிராம் வரம்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

அப்படியானால் நான் உப்புக்கு எதிர்வினை காட்டும் ஆளா, தாங்கும் ஆளா? எல்லோரும் கேட்க விரும்புவது இதைத்தான். மைரன் வைன்பெர்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை நேரடியாகச் சோதித்து 1986-இல் முடிவுகளை வெளியிட்டார்: முதலில் நரம்பு வழியாக உப்புநீர் ஏற்றி அழுத்தத்தை அளப்பது, மறுநாள் உப்புக் குறைந்த உணவும் சிறுநீர் பிரிக்கும் மருந்தும் கொடுத்து அளப்பது, வித்தியாசத்தைப் பார்ப்பது. பிரஷர் உள்ளவர்களில் பாதிப் பேரும், இல்லாதவர்களில் கால்வாசிப் பேரும் உப்புக்கு எதிர்வினை காட்டினார்கள். இப்படிச் சோதிக்கப்பட்டவர்களை, சிலரைக் கால் நூற்றாண்டுக்கும் மேலாக, தொடர்ந்து பார்த்து 2001-இல் அவர் வெளியிட்டதுதான் இன்னும் கவலைக்குரியது. ஆரம்பத்தில் அழுத்தம் இயல்பாக இருந்தும் உப்புக்கு எதிர்வினை காட்டியவர்கள், காட்டாதவர்களைவிட அதிகமாக இறந்திருந்தார்கள். பிபி நார்மல் என்ற எண் ஒன்றை மட்டும் வைத்து நிம்மதியடைய முடியாது என்று ஆகிறது.

இந்தச் சோதனையை ஊர் உலகத்துக்கெல்லாம் செய்ய முடியாது, அவ்வளவு சிரமமானது. எச்சிலை அனுப்பினால் மரபணு அறிக்கை தரும் நிறுவனங்கள் உப்பு பற்றியும் ஒரு வரி எழுதித் தருகின்றன. அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நூற்றுக்கணக்கான இடங்களில் ஒன்றிரண்டைப் பார்த்துவிட்டு "உங்களுக்கு உப்பு ஒன்றும் செய்யாது" என்று யாராலும் சொல்ல முடியாது. தவிர, இந்த எதிர்வினை பிறப்போடு நின்றுவிடுகிற குணமும் இல்லை. வயது கூடக் கூட அது கூடும், எடை கூடினால் கூடும், சர்க்கரை நோயோ சிறுநீரக நோயோ வந்தால் கூடும். பிறக்கும்போதே சிறுநீரகத்தில் எத்தனை வடிகட்டிகள், அதாவது நெஃப்ரான்கள், இருந்தன என்பதும் சேரும். 2003-இல் ஜெர்மனியில் விபத்தில் இறந்தவர்களின் சிறுநீரகங்களை எண்ணிப் பார்த்தபோது, பிரஷர் இருந்தவர்களுக்கு இல்லாதவர்களைவிட நெஃப்ரான்கள் ஏறக்குறைய பாதிதான் இருந்தன. முப்பதில் உப்பைத் தாங்கியவர் ஐம்பத்தைந்தில் தாங்காமல் போகலாம். 2023-இல் வெளியான ஒரு சோதனையில் 50 முதல் 75 வயதுக்குட்பட்ட 213 பேருக்கு ஒரு வாரம் உப்பு மிகுந்த உணவும் ஒரு வாரம் உப்பு மிகக் குறைந்த உணவும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டுக்கும் இடையே மேல் அழுத்தத்தில் 8 புள்ளி வித்தியாசம் வந்தது, ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு உப்பு குறைந்தபோது அழுத்தமும் குறைந்தது, ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்களும் அதில் அடக்கம். ஒரே வாரம்தான். நடுத்தர வயதைத் தாண்டியவர்களில் எதிர்வினை காட்டுபவரே பெரும்பான்மை என்னும்போது, நான் எந்தப் பக்கம் என்று பரிசோதனைக்காகக் காத்திருப்பதில் லாபம் இல்லை.

பொட்டாசியத்தைப் பற்றிச் சொல்லாமல் உப்பைப் பற்றிய எந்தப் பேச்சும் முழுமையாகாது. கார்டன் நோயில் கெட்டிருப்பது டபிள்யூஎன்கே மரபணுக்கள் என்றேன் அல்லவா? அந்த மரபணுக்கள் உருவாக்கும் புரதங்கள் எல்லோருடைய சிறுநீரகத்திலும் ஒரு விசை போல இருக்கின்றன, ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் அந்த விசை முடுக்கப்பட்டு உப்பைப் பிடிக்கும் பம்ப் ஓடத் தொடங்குகிறது, பொட்டாசியம் கூடினால் பம்ப் அடங்குகிறது. சில குடும்பங்களில் மரபணுவால் இந்த விசை நிரந்தரமாக முடுக்கப்பட்டிருக்கிறது, காய்கறி பழம் பருப்பு குறைவாகவும் பாக்கெட் உணவு அதிகமாகவும் சாப்பிடுபவர்களுக்கு உணவே அதைத் தினமும் முடுக்கிவிடுகிறது. உப்பைப் பிடித்து வைக்கச் சொல்லும் உணவும் உப்பு மிகுந்த உணவும் ஒன்றாகவே இருப்பதுதான் இன்றைய பிரச்சினையின் மையம் என்று நான் நினைக்கிறேன். 2001-இல் வெளியான டாஷ் சோடியம் சோதனையில் 412 பேருக்கு மூன்று அளவு உப்பு கொடுத்துப் பார்த்தபோது, சாதாரண உணவில் உப்பைக் குறைத்தது 6.7 புள்ளியை இறக்கியது, பழமும் காய்கறியும் நிறைந்த உணவில் அதே குறைப்பு 3 புள்ளியைத்தான் இறக்கியது. பொட்டாசியம் நிறைந்த உணவில் உப்பால் ஏற்கெனவே அவ்வளவு கெடுதல் செய்ய முடியவில்லை என்பதுதான் இதன் பொருள்.

சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரை வைத்து நடந்த பெரிய சோதனை 2021-இல் முடிவு சொன்னது. பக்கவாதம் ஏற்கெனவே வந்தவர்கள் அல்லது அறுபதைத் தாண்டிய, பிரஷர் உள்ளவர்கள். பாதிக் கிராமங்களுக்குச் சாதாரண உப்புக்குப் பதிலாக நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளில் பக்கவாதம் 14 சதவீதமும் மரணம் 12 சதவீதமும் குறைந்தன. யாருடைய மரபணுவையும் சோதித்துப் பிரிக்கவில்லை, எல்லோருக்கும் அதே உப்பைத்தான் கொடுத்தார்கள்.

பரம்பரை பலமாக இருந்தால் இதெல்லாம் வேலை செய்யாதோ என்ற சந்தேகத்துக்கும் நேரடியான பதில் இருக்கிறது. பிரிட்டனில் பல லட்சம் பேரின் உடல்நல, மரபணுத் தகவல்களைச் சேமித்து வைத்திருக்கும் பயோபேங்கில் இருந்த 2,77,000 பேரை மரபணு ஆபத்து குறைந்தவர், நடுத்தரமானவர், அதிகமானவர் என்று மூன்றாகப் பிரித்து, உப்பு உட்பட வாழ்க்கை முறையைப் பொருத்திப் பார்த்த ஆய்வு 2018-இல் வந்தது. நல்ல பழக்கங்கள் உள்ளவர்களுக்கு மூன்று பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவில் அழுத்தம் குறைவாக இருந்தது. ஆபத்து அதிகமான பிரிவில் இருப்பவர் மேலேயிருந்து தொடங்குகிறார், அதனால் அவருக்கு அந்தச் சில புள்ளிகள் மாத்திரையைத் தள்ளிப்போடவோ, மாத்திரையின் எண்ணிக்கையைக் குறைக்கவோ போதுமானதாக இருக்கலாம்.

குடும்பத்தில் பிரஷர் உள்ளவர்கள் செய்யக்கூடியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இருபது வயதிலிருந்தே ஆண்டுக்கு ஒரு முறையாவது அழுத்தத்தை அளந்து எழுதி வையுங்கள், ஏறத் தொடங்கும் காலத்தைத் தவறவிடாமல் இருக்க அது ஒன்றே வழி. பாக்கெட்டில் சோடியம் என்று போட்டிருக்கும் எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும், 2 கிராம் சோடியம் என்றால் 5 கிராம் உப்பு. உப்பைக் குறைத்தால் முதல் சில வாரங்கள் எதுவும் ருசிக்காது, அதற்குள் நாக்கு பழகிவிடும், அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். மாத்திரை சாப்பிடுபவர்கள் உப்பைக் குறைத்தோம் என்று மாத்திரையை அவர்களாகவே நிறுத்தக் கூடாது. பொட்டாசியம் கலந்த உப்பு எல்லோருக்கும் ஆகாது: சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும், சில பிரஷர் மாத்திரைகளும் ஸ்பைரனோலாக்டோன் போன்ற மருந்துகளும் சாப்பிடுபவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறி இதயத் துடிப்பையே பாதிக்கலாம், மருத்துவரைக் கேட்காமல் மாற்ற வேண்டாம்.

அப்புறம், சில குடும்பங்கள் இதற்கு மேலும் ஒன்று செய்ய வேண்டும். முப்பது வயதுக்கு முன்பே கடுமையான பிரஷர், மூன்று நான்கு மாத்திரை போட்டும் இறங்காத அழுத்தம், மருந்தின் காரணமில்லாமல் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருப்பது, குடும்பத்தில் நாற்பதுக்கு முன்பே யாருக்காவது மூளையில் ரத்தக்கசிவு, இவற்றில் ஏதாவது இருந்தால் ஆல்டோஸ்டிரோனையும் ரெனினையும் சேர்த்து அளக்கும் ரத்தப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஒற்றை மரபணுவால் வரும் அந்த அபூர்வ வகைகள் பலவற்றுக்குக் குறிவைத்த மருந்து இருக்கிறது. லிடில் நோய்க்கு அமிலோரைடு, கார்டன் நோய்க்குத் தயசைடு, இரண்டும் பல காலமாகப் புழக்கத்தில் உள்ள சாதாரண மாத்திரைகள்தான். ஒருவருக்கு நோய் உறுதியானால், அதே மரபணு இருக்கக்கூடிய அவருடைய பிள்ளைகளையும் உடன்பிறந்தவர்களையும் அழைத்துச் சோதிக்கலாம், அவர்களுக்கு அழுத்தம் ஏறும் முன்பே.